எலிசா எழுதிய முப்பத்தொரு பூஜ்யங்கள்

எலிசாவுக்கு இருபத்து மூன்று வயதில் கிடைத்த முதல் வேலை, மற்றவர்களின் வலியைக் கேட்டு எழுதுவது. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்றே அவளுக்கு அதற்கு முன்னால் தெரியாது.

வில்லியனூருக்கு மேற்கே, கரும்பும் நெல்லும் விளைகிற ஒரு கத்தோலிக்கப் பங்கு கிராமம் அவளுடையது. அப்பா அருள்சாமி மாதா கோவில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். எலிசா பத்தாவது தேறி ஆறு வருஷம் வீட்டில் இருந்தாள். 1983ஆம் வருஷம் கடைசியில், மூலக்குளத்தில் வாடகை வீடொன்றில் யானைக்கால் நோய் ஆராய்ச்சி நடக்கிறது, தமிழ் தெளிவாகப் படிக்கிற பெண்கள் வேண்டும் என்று கோவிலில் அறிவித்தார்கள். மறுநாளே பஸ் ஏறிப் போனாள்.

அங்கே டாக்டர் மணவாளன் இருந்தார். ஒல்லியான மனிதர், பேசும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். அவர் சொன்னது எலிசாவுக்குப் புதிதாக இருந்தது.

"கால் எவ்ளோ வீங்கியிருக்குன்னு டேப் வெச்சு அளந்துடலாம்மா. ரத்தத்துல கிருமி இருக்கான்னு கண்ணாடியில பாத்துடலாம். ஆனா அந்தக் காலை வெச்சிக்கிட்டு அவங்க எப்படி வாழறாங்கன்றத அவங்களத் தவிர யாரும் சொல்ல முடியாது. அதக் கேக்கறதுக்குத்தான் இந்தப் பேப்பர்."

பேப்பரில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. இங்கிலீஷில் இருந்ததை டவுனில் யாரோ தமிழாக்கியிருந்தார்கள். அதை முதலில் சோதித்துப் பார்க்க அவளைச் செல்லிப்பட்டுக்கு அனுப்பினார்கள். ஆற்றோரம் நிலம் வைத்திருந்த தையலம்மாளுக்கு இடது கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. எலிசா நிமிர்ந்து நின்று படித்தாள்.

"கடந்த நான்கு வாரங்களில் தங்களுடைய நோய் தங்களுடைய சமூகச் செயல்பாடுகளை எந்த அளவுக்குப் பாதித்தது? இல்லை, கொஞ்சம், ஓரளவு, அதிகம், மிக அதிகம்."

தையலம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள். "யோவ், இங்க வந்து பாரு. ரேடியோ பொட்டி நடந்து வந்திருக்குது."

வீட்டுக்காரர் சுப்பராயலு எட்டிப் பார்த்துவிட்டு, "ஆஃப் பண்ணிட்டு வேலயப் பாரு" என்றார்.

எலிசா முகம் சிவந்து திரும்பினாள். ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. "அப்ப நீ எப்படிக் கேப்ப?" என்றார். அந்தக் கேள்விதான் அவளை அந்த வேலையில் பிடித்து வைத்தது. இரண்டு மாதம் அவள் அந்தப் பேப்பரோடு மல்லுக்கட்டினாள். 'கடந்த நான்கு வாரங்கள்' செல்லிப்பட்டில் 'போன அமாவாசையிலேர்ந்து' ஆனது. அவளுடைய ஊரில் 'நாலு ஞாயித்துக்கிழமை பூசையா' ஆனது. சமூகச் செயல்பாடு என்பது 'கல்யாணம், கருமாதின்னா போறீங்களா, இல்ல காலைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு வூட்லயே இருந்துடுறீங்களா' என்று மாறியது.

கொஞ்சத்துக்கும் ஓரளவுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் ஐந்து மல்லாட்டைக் கடலை கொடுத்து, வலி எவ்வளவோ அத்தனையை எடுத்துக் கிண்ணத்தில் வைக்கச் சொன்னாள். பேசிக்கொண்டே உரித்துத் தின்றுவிட்டார்கள். தையலம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்ப வலி இல்லடி பொண்ணே, நாளைக்கும் வா" என்றாள். மறுநாள் எலிசா புளியங்கொட்டை கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்றார் டாக்டர். இழுத்தால் நீளுகிற கஜக்கோலை வைத்துத் துணி அளக்க முடியாது, இரண்டு தடவை அளந்தாலும் ஒரே அளவு வர வேண்டும் என்று விளக்கினார். ஆனால் ஜனங்களுக்கு அது வேறு விதமாகப் பட்டது.

"அன்னிக்கு மூணு வெச்சேனே. தப்பாயிடுச்சா?" என்றாள் தையலம்மாள். "சரி வுடு, நாலா வெச்சிக்க. டாக்டரு உன்னக் கோச்சிக்கப் போறாரு."

"தப்பும் இல்ல, சரியும் இல்லக்கா. இன்னிக்கு எப்படி இருக்குதோ அதான்."

"அப்ப மூணுதான்."

இப்படித்தான் அளவுகோல் மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

1984 ஜனவரியில், பொங்கல் முடிந்து, புது மாத்திரை கொடுப்பதற்கு முன் முதல் சுற்று கேட்டார்கள். எலிசா தன் சொந்த ஊரில் முப்பத்தெட்டுப் பெண்களிடம் கேட்டாள். அங்கேதான் அவளுக்கு முதல் அதிர்ச்சி. மூன்றாவது வீட்டில் ரோசம்மாள் இருந்தாள். அருள்சாமிக்கு ஒன்றுவிட்ட தங்கை, புருஷன் இல்லாதவள், நடவு வேலைக்குப் போகிறவள். எலிசாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்திய ஞானத்தாயும் அவள்தான். அவள் வலது கால் வீங்கியிருந்தது என்று ஊருக்கே தெரியும். அவள் முனகி ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

'வலி எவ்வளவு' என்ற கேள்விக்கு ரோசம்மாள் ஐந்து கொட்டையையும் எடுத்து வைத்தாள்.

எலிசா பென்சிலை நிறுத்தினாள். "அத்தே, அஞ்சுன்னா தாங்க முடியாத வலி."

"தெரியும்டி. எனக்குக் கணக்கு வராதா?"

"அப்ப ஏன் ஒருநாளும் சொல்லல?"

"நீ ஒருநாளும் கேக்கலயே."

எலிசா ஐந்து என்று எழுதினாள். அன்று சாயங்காலம் வரை ஒவ்வொரு வீட்டிலும் மூன்று, நான்கு, ஐந்து என்று கொட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. பிறந்ததிலிருந்து இந்தப் பெண்களுக்கு நடுவில்தான் வளர்ந்திருக்கிறாள். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இவ்வளவு வலியோடு ஓர் ஊர் நடமாடிக்கொண்டிருந்தது என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். சனிக்கிழமைதோறும் ஒரு ஜீப் வந்தது. அதில் வரும் நர்ஸ், கால் விரல் இடுக்கைக் கழுவி மருந்து போட்டாள், புண் இருந்தால் கட்டுப் போட்டாள், நெறி கட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு ஊசி போட்டாள். ஊரில் அதற்கு முன் இப்படி ஒரு வண்டி வந்ததே கிடையாது. ஆராய்ச்சி முடிந்தால் தன்னை அனுப்பிவிடுவார்களே என்று எலிசா ஒருநாள் ரோசம்மாள் வீட்டில் உட்கார்ந்து அழுதாள்.

மார்ச் கடைசியில் இரண்டாவது சுற்று. அப்போது தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊரில் கறி இல்லை, கல்யாணம் இல்லை, பெண்கள் தலையில் பூ இல்லை. எலிசாவும் பூவை விட்டிருந்தாள்.

முதல் வீடு அந்தோணி மேரி. எலிசாவை விட நாலைந்து வயது மூத்தவள், இரண்டு குழந்தைக்காரி. ஜனவரியில் நான்கு வைத்தவள். இப்போது கொட்டைகள் மடியில் இருந்தன, கிண்ணம் காலியாக இருந்தது.

"ஒண்ணு கூட இல்லியா?"

அந்தோணி மேரி கூரையைப் பார்த்தாள். "நீ எழுதிக்க."

எலிசா பூஜ்யம் எழுதினாள். அடுத்த வீட்டிலும் பூஜ்யம். அதற்கடுத்ததிலும். ரோசம்மாள் கொட்டைகளைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள், ஒன்றையும் வைக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் கிண்ணத்தைத் தொடவில்லை. இரண்டே மாதத்தில் ஓர் ஊரின் வலி போய்விட்டது. அதை முதலில் பார்த்தவள் அவள்.

டாக்டர் மணவாளன் பேப்பர்களைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "செல்லிப்பட்டுல நாலு மூணாயிருக்கு, மூணு ரெண்டாயிருக்கு. இங்க மட்டும் எப்படிம்மா பூஜ்யம்? நீ சரியா கேட்டியா?"

"சத்தியமா கேட்டேன் சார்."

அவர் அவசரப்படவில்லை. பத்து நாள் கழித்து, அந்த ஊருக்குப் பழக்கமில்லாத குழந்தைவேலு என்ற இன்னொரு கேள்விக்காரனை அனுப்பி, பத்து வீடுகளில் மறுபடி கேட்க வைத்தார். பத்திலும் அதே பூஜ்யம். கஜக்கோல் இழுத்தும் நீளவில்லை.

"அப்ப சரி" என்றார் டாக்டர். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எலிசா அதுவரை பார்த்ததில்லை. வலி தீர்ந்த முப்பத்தொரு பேரைச் சனிக்கிழமைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஜீப்பை பாகூர் பக்கம் ஒரு ஊருக்குத் திருப்பலாம் என்று முடிவானது. அவரே பெயர்களைப் படித்தார், எலிசா ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். ரோசம்மாளின் பெயருக்கு நேராகவும் போட்டாள். திங்கட்கிழமை அது மேலிடத்துக்குப் போய்விடும். ஆராய்ச்சி இவ்வளவு நன்றாக முடிந்தால் எலிசாவின் வேலையை நிரந்தரமாக்கவும் எழுதுவதாகச் சொன்னார். அது வியாழக்கிழமை.

மறுநாள் வெள்ளி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோவிலைச் சுற்றிச் சிலுவைப் பாதை. பதினான்கு இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் மணலில் முழங்காலிட்டு ஜெபம். எலிசா ரோசம்மாளுக்குப் பின்னால் நடந்தாள்.

நான்காவது இடத்தில் மணலில் ஈரமாக ஒரு காலடி தெரிந்தது. யாரோ தண்ணீர்க் குடத்தோடு போயிருப்பார்கள் என்று நினைத்தாள். ஆறாவது இடத்திலும் அதே காலடி. வலது கால் மட்டும். அதைச் சுற்றி ஈ மொய்த்தது. எலிசா அதன் மேல் கால் வைக்காமல் விலகி நடந்தாள். அது யாருடையது என்று அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

ஒன்பதாவது இடத்தில் எல்லாரும் எழுந்தார்கள். ரோசம்மாள் எழுந்திருக்கவில்லை.

எலிசா குனிந்து தோளைத் தொட்டாள். உலையைத் தொட்டது போலச் சுட்டது. புடவை ஓரத்தை விலக்கினாள். பாதத்தில் சுற்றியிருந்த கந்தல் நனைந்து, விரல்களோடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. வாடை குப்பென்று வந்தது. நேற்று மதியம் இந்தக் காலுக்கு எதிரே எலிசாதான் கோடு போட்டாள்.

"அத்தே, சனிக்கிழம நர்ஸம்மா வந்தப்ப காட்டலியா?"

"அந்தப் பொண்ணு வரப்ப நான் வயலுக்குப் போயிட்டேன்."

"வேணும்னேவா?"

"பேசாதடி. ஜெபம் நடக்குது."

"கிண்ணத்துல ஒரு கொட்ட கூட வெக்கலியே. என்கிட்டப் பொய்யா சொன்ன?"

ரோசம்மாளுக்கு அந்தக் காய்ச்சலிலும் கோபம் வந்தது. "நான் எங்கடி பொய் சொன்னேன்? வாயத் தொறந்து இல்லன்னு சொன்னேனா? கொட்டைய எடுக்கல, அவ்ளோதான். தபசு காலத்துக்கு வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டேன். ஒப்புக்கொடுத்தத வெளியில சொன்னா அது பலிக்குமா?"

தபசு தொடங்கிய விபூதிப் புதன் அன்று கோவிலில் எலிசாவும் இருந்தாள். இந்த வருஷம் வந்த புதுச் சாமியார், கறி மீனை மட்டும் விட்டால் போதாது, உங்கள் வலிகளை முனகாமல், யாரிடமும் சொல்லாமல் ஆண்டவருக்கு ஒறுத்தலாக, தவமாகக் கொடுங்கள் என்று பிரசங்கம் செய்தார். அவள் அதைக் கேட்டாள், தலையாட்டினாள், நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டாள். அதற்கு மூன்று வாரம் கழித்து, அதே பெண்களிடம் கொட்டையை நீட்டி வலி இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை. டவுன் டாக்டருக்குத் தெரிய வழியில்லை. குழந்தைவேலு மாரியம்மனைக் கும்பிடுகிறவன், அவனுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

நிமிர்ந்து அந்தோணி மேரியைப் பார்த்தாள். "நீயுமா?"

அந்தோணி மேரி தரையைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற கிரேஸ் மேரியும் தரையைப் பார்த்தாள். எலிசா ஒவ்வொரு முகமாகத் திரும்பினாள், ஒவ்வொன்றும் குனிந்தது. பூஜ்யம் வைத்த வரிசையிலேயே அவர்கள் நிற்பது போல அவளுக்கு இருந்தது.

ஜெபம் நின்றுவிட்டது. சாமியார் புத்தகத்தோடு அருகில் வந்தார். முப்பது வயது இருக்கும், சின்ன முகம். காலைப் பார்த்ததும் அவரும் மணலில் முழங்காலிட்டார்.

"நான் டாக்டர்கிட்ட மறைக்கச் சொல்லலியேம்மா" என்றார்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சாமி சொன்னீங்க" என்றாள் ரோசம்மாள். "டாக்டரு யார்ல சேர்த்தி இல்லியா?"

சாமியார் புத்தகத்தை மூடிவிட்டு, அவளைத் தூக்க ஆளைக் கூப்பிட்டார்.

அருள்சாமியும் இன்னொருவரும் ரோசம்மாளைத் தூக்கிக் கோவில் வராந்தாவில் படுக்க வைத்தார்கள். மாட்டுவண்டி பூட்டச் சொல்லி ஆள் ஓடியது. எலிசா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்காக அத்தே ஒப்புக்கொடுத்த? கால் நல்லாவணும்னா?"

"காலுக்கா?" ரோசம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். "இத்தினி வருஷமா இருக்கிற காலு. உன் வேல நெலைக்கணும்னுதான். டாக்டரு வேல முடிஞ்சா அனுப்பிடுவாருன்னு அழுதியே. இப்பக் கெடுத்துட்ட. எல்லாத்தையும் கேட்டு வாங்கிட்ட."

அதற்கு மேல் எலிசாவுக்கு எதுவும் கேட்கவில்லை. வண்டியின் கழுத்து மணி வந்து நின்றதும், தூக்குங்கள் என்று யாரோ சொன்னதும் தூரத்தில் எங்கோ நடப்பது போல இருந்தது. இவளுக்குத் தெரியாமல், இவளிடமிருந்தே மறைத்து, இவளுக்காக ஒருத்தி காலை அழுகவிட்டிருக்கிறாள். அதைப் பூஜ்யம் என்று அழகான கையெழுத்தில் எழுதியது இவள்.

வண்டி வில்லியனூருக்குப் போனது. அங்கிருந்து கார் வைத்து டவுன் பெரிய ஆஸ்பத்திரி. விடிந்ததும் எலிசா முதல் பஸ்ஸில் மூலக்குளம் போனாள். ஜீப் புறப்படத் தயாராக நின்றது, பாகூர் பக்கம் போக. டாக்டர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். சோப்பு நுரையோடு வெளியே வந்தார்.

"சார், அந்தப் பூஜ்யமெல்லாம் பொய்" என்றாள். பிறகு, "பொய் இல்ல சார். ஆனா பூஜ்யம் இல்ல" என்றாள். அழாமல் முழுவதையும் சொல்லி முடித்தாள்.

டாக்டர் மணவாளனின் கன்னத்தில் நுரை காய்ந்திருந்தது. "ஆனா ரெண்டு தடவையும் ஒண்ணேதானம்மா வந்துது" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"ரெண்டு தடவையும் ஒண்ணேதான் சார் மறைச்சாங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். முப்பத்தொரு பேர் பட்டியலைக் கொண்டுவந்து அவள் கண் முன்னால் கிழித்தார். கிழித்துவிட்டு அந்தத் துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே டிரைவரைக் கூப்பிட்டார். "வீரப்பன், வண்டியத் திருப்பு. பாகூர் வேணாம்." ஜீப்பில் ஏறும்போது எலிசாவிடம் சொன்னார். "இந்த ரெண்டாவது சுற்றுக் கணக்கத் தூக்கிப் போடணும். மேல ஒத்துக்க மாட்டாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் இங்க வேல இருக்குமான்னு தெரியல."

"தெரியும் சார்" என்றாள்.

அன்று ஊரில், ரோசம்மாளைத் தவிர மற்ற முப்பது பேரின் கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சாமியாரே வீடு வீடாக முன்னால் போய், வைத்தியரிடம் சொல்வது ஒறுத்தலைக் கெடுக்காது என்று சொல்லிக்கொண்டு போனார். ஒன்பது பேருக்கு ஆறாத புண் இருந்தது; நர்ஸ் வரும்போது அவர்களும் வயலுக்குப் போயிருந்தார்கள். நான்கு பேர் காய்ச்சலோடு நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஒவ்வொரு வீட்டிலும் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

ரோசம்மாளுக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள்.

ஆராய்ச்சியை உடனே மூடிவிடவில்லை. மேலே இருந்தவர்கள் கோபப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். பிறகு ஆறு மாதம் மட்டும் கொடுத்தார்கள். அந்த ஆறு மாதத்தில் பேப்பரில் ஒரு புதுக் கேள்வி முதலில் வந்து உட்கார்ந்தது. அதை எலிசாவே எழுதினாள். 'இப்ப உங்களுக்கு நோன்பு, நேர்த்திக்கடன் ஏதாவது இருக்குதா? இருந்தா எப்ப முடியுது?' இருந்தால் அது முடிந்த பிறகு கேட்க வர வேண்டும், மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது.

ஆடி மாதம் செல்லிப்பட்டில் அதைக் கேட்டபோது தையலம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "அம்மனுக்குக் கூழு ஊத்தறேன், அது வரைக்கும் கால் வலின்னு வாயத் தொறக்க மாட்டேன்னு வேண்டியிருக்கேன். போன வருஷமும்தான். இத மொதல்லயே கேட்டிருக்கக் கூடாதா?"

தன் ஊர்ப் பெண்கள் மட்டும்தான் அப்படி என்று எலிசா அதுவரை நினைத்திருந்தாள். செல்லிப்பட்டின் மூன்றுகளும் இரண்டுகளும் எந்தெந்த வேண்டுதலோடு வைத்தவை என்று திரும்பப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் முடிந்தது. வேலையும் முடிந்தது. அதன் பிறகு எலிசா மதகடிப்பட்டில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சரானாள். பிள்ளைகள் வயிறு வலிக்கிறது என்றால், எவ்வளவு என்று கேட்டுவிட்டு, வீட்டில் இன்றைக்கு என்ன விசேஷம் என்றும் கேட்பாள் என்று அங்கே சிரிப்பார்கள்.

ஆராய்ச்சியின் கடைசிச் சுற்றில் அவள் கேட்ட கடைசி ஆள் ரோசம்மாள். புதுக் கேள்விக்கு, "ஒண்ணும் இல்ல. எல்லாம் முடிச்சிட்டேன், கேளு" என்றாள். எலிசா ஐந்து புளியங்கொட்டையை அவள் மடியில் போட்டாள்.

ரோசம்மாள் ஒன்றை எடுத்து வைத்தாள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மடி காலியானது. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அஞ்சுதான். முடிஞ்சிது."

"இன்னும் ரெண்டு குடு" என்றாள் ரோசம்மாள், கையை நீட்டி.

எலிசாவின் பையில் கொட்டைகள் இருந்தன. ஆனால் பேப்பரில் ஐந்துக்கு மேல் எழுதக் கட்டம் இல்லை. அவள் பென்சிலை வைத்துவிட்டு, இரண்டை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.